மாமனாருக்கு ஓர் இடது கைப்பிடி

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே நான் சண்டை போட்டுவிட்டேன். இடது முட்டிக்குள் கம்பி வைத்துத் தைத்து, இனி இந்தக் கால் மடங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக்கூட ஜீரணித்துக்கொண்டேன். வாசலில் இறங்கியதும் காரைப் பார்க்கலாமென்று ஷெட்டுப் பக்கம் திரும்பியபோது, என் வீட்டுக்காரர் ஊன்றுகோலை நீட்டியபடி, தரையைப் பார்த்துக்கொண்டு ஒன்று சொன்னார். அதுதான் தொண்டைக்குள் இறங்கவில்லை.

"வண்டியைக் கேட்டாங்க. நீ படுத்திருந்தப்ப. சரின்னுட்டேன்."

"யாரைக் கேட்டு சரின்னீங்க?"

"உன்னால இனிமே க்ளட்சை மிதிக்க முடியாதேம்மா. சும்மா நின்னு துருப்பிடிக்கிறதுக்கு..."

"துருப்பிடிச்சதைத்தானே வாங்கினேன்."

அவர் ஊன்றுகோலை என் கையில் திணித்தார். நல்ல மனிதர்தான். யாராவது குரலை உயர்த்திக் கேட்டால் மறுக்கத் தெரியாது, அவ்வளவுதான். அந்தக் குணத்தால்தான் என்னையும் கல்யாணம் செய்துகொண்டார் என்று அவ்வப்போது சொல்லிக்காட்டுவேன்.

அந்தக் கார் ஆறு வருடத்துக்கு முன் மூடிக்கிடந்த ஒரு மில்லின் பின்கட்டில் கிடந்தது. தரைத்தகட்டைப் பொத்துக்கொண்டு ஒரு செடி வளர்ந்து, ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டியிருந்தது. ஜெர்மன் கார், என்னைவிட நாலு வயது மூத்தது. இன்ஜின் பின்னால் இருக்கும், தண்ணீர் கேட்காது, காற்றிலேயே ஆறிக்கொள்ளும். ஸ்டீயரிங் இடது பக்கம், கியர் வலது கைக்கு. ஆறு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் அதோடு மல்லுக்கட்டினேன். துருவை வெட்டி, தகடு ஒட்டி, சீட்டு தைத்து, ஒரு நாள் அது உறுமிக்கொண்டு எழுந்தது. காலையில் நாலு தடவை கனைக்காமல் எழுந்திருக்காது. எழுந்த பிறகும் பத்து நிமிடம் யார் பேச்சையும் கேட்காது. "அப்படியே எங்கப்பா," என்றார் வீட்டுக்காரர். அன்றிலிருந்து அதற்கு மாமனார் என்று பெயர்.

என் பிழைப்பு பல் செய்வது. பல் டாக்டர் இல்லை. டாக்டர் வாயில் அளவெடுத்து அச்சை அனுப்புவார், நான் அதில் பல் கட்டித் திருப்பி அனுப்புவேன். யாருடைய வாய் என்று எனக்குத் தெரியாது. ஒரு நம்பர், ஒரு சீட்டு, சில சமயம் உதடும் பல்லும் மட்டும் தெரிகிற ஒரு போட்டோ. சீட்டில் 'மேல் இடது, இரண்டாவது' என்று இருக்கும். அச்சு என் எதிரே முகம் மாதிரி உட்கார்ந்திருப்பதால் அவர்களுடைய இடது எனக்கு வலது. முப்பது வருடமாக இடது என்று எழுதியிருந்தால் என் கை தானாக வலப்பக்கம் போகும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வரிசையாக, வெள்ளையாக, நேராக இருந்தால் கட்டுப்பல் என்று யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் ஒரு பல்லை மட்டும் இம்மியளவு சாய்த்து வைப்பேன். எந்தப் பல், எவ்வளவு சாய்வு என்பது நான் மட்டும் அறிந்த கணக்கு. கடைத்தெருவில் எதிரே வருகிற ஒரு சிரிப்பில் என் கைவேலையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல நடந்துபோயிருக்கிறேன். அந்த மரியாதை எங்கள் தொழிலில் உண்டு.

வண்டியைக் கேட்டவர் அடுத்த வாரம் வந்தார். பழைய கார் சங்கத்தின் தலைவர். சங்கத்திலேயே அவருக்கு 'ஒரிஜினல்' என்றுதான் பெயர், ஏனென்றால் அந்தச் சொல் இல்லாமல் அவரால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாது. ஐந்து கார்களை உறை போட்டு மூடி வைத்திருக்கிறார். மழை வரும்போல இருந்தால் அவை வெளியே வராது. வெயிலடித்தாலும் யோசிப்பார்.

மாமனாரைச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, உள்ளே குனிந்தார்.

"இந்தக் குமிழெல்லாம் என்ன மேடம், ஈறு கலர்ல இருக்கு?"

"ஈறுதான். பல் செட்டுக்குப் போடுற பிளாஸ்டிக். பழைய குமிழ் கிடைக்கலை, நானே வார்த்தேன்."

அவர் சிரித்தார். மேல் வரிசை முழுவதும் தெரிகிற பெரிய சிரிப்பு. நான் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முதல்ல இதையெல்லாம் கழட்டிடணும். ஒரிஜினல் குமிழ், ஒரிஜினல் பெயின்ட். அப்புறம் கண்ணாடி ஷெட்டுல நிறுத்திட்டா, பாக்குறவங்க அசந்துடுவாங்க."

"ஓட்ட மாட்டீங்களா?"

"ஓட்டினா தேயுமே மேடம்."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. தேய்வதற்குப் பயந்து ஒன்றை நிறுத்தி வைக்கிற மனிதனிடம், என்னையும் என் காரையும் சேர்த்து ஒரே வார்த்தையில் தூக்கிக் கொடுத்திருக்கிறார் என் வீட்டுக்காரர். அந்த வேகத்தில்தான் சொன்னேன்.

"ரெண்டு மாசம் கொடுங்க. தண்ணித்தொட்டி மேட்டுல, நடு ஏத்தத்துல நிறுத்தி, பின்னால உருளாம எடுத்து, உச்சிக்கு ஏத்திக் காட்டுறேன். முடியலைன்னா சாவியை நானே உங்க கையில கொடுக்கிறேன்."

"முடிஞ்சுட்டா?"

"இவர் கொடுத்த வாக்கை நீங்க மறந்துடணும்."

அவர் என் காலைப் பார்த்தார். பிறகு பெருந்தன்மையாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்காகவே ஏற வேண்டும் என்று முடிவு செய்தேன்.

க்ளட்சைக் காலிலிருந்து கைக்கு மாற்றுவதுதான் வேலை. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு கைப்பிடி, அதை இழுத்தால் அது கீழே க்ளட்ச் கம்பியை இழுக்க வேண்டும். முதலில் ஸ்கூட்டரின் க்ளட்ச் பிடியை மாட்டிப் பார்த்தேன். இரண்டாவது இழுப்பில் முறிந்து மடியில் விழுந்தது. தெருக்கோடியில் லேத்து பட்டறை வைத்திருக்கிற தம்பி வந்து பார்த்துவிட்டு, "மாமனார் ஸ்கூட்டர் பேச்சையெல்லாம் கேட்பாரா அக்கா?" என்றார். கம்பியின் பாரத்தைப் பாதியாகக் குறைக்க அடியில் ஒரு நெம்புகோல் செய்து தருவதாக ஒப்புக்கொண்டார். மேலே இருக்கும் கைப்பிடி என் பொறுப்பு.

அது எனக்குத் தெரிந்த வேலை. மெழுகை இளஞ்சூட்டில் உருட்டி, கைக்குள் வைத்து இறுக்கிப் பிடித்தேன். நாலு விரலின் பள்ளமும் அச்சாக விழுந்தது. வளைவும் முனையும் செதுக்கி, வார்ப்படக்காரரிடம் கொடுத்துப் பித்தளையில் வார்த்து வாங்கினேன். தம்பி அதைப் பளபளவென்று தேய்த்து எடுத்துவந்தார். மாட்டப்போனால் இடது பக்கம் உட்காரவே மாட்டேன் என்றது. திருப்பிப் பிடித்துப் பார்த்தார், கவிழ்த்துப் பார்த்தார்.

"அக்கா, இது வலது கைக்குச் செஞ்சது."

மேசைக்குப் போய் என் சீட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்திலேயே 'இடது கைப்பிடி' என்றுதான் இருந்தது. எனக்கு நானே எழுதிக்கொண்ட சீட்டை டாக்டர் அனுப்பிய சீட்டு என்று நினைத்து, என் கை வழக்கம்போல எதிர்ப்பக்கத்துக்குச் செய்துவிட்டது. வலது கையால் க்ளட்சைப் பிடித்தால் கியரை யார் போடுவது?

அன்று அழுதேன். வலியில் இல்லை, ஆத்திரத்தில். ஒரு மாதம் போய்விட்டது. வீட்டுக்காரர் மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"விட்டுடேன். உடம்பைக் கெடுத்துக்கிட்டு எதுக்கு இது?"

"உடம்பு ஏற்கனவே கெட்டாச்சு. இதையும் விட்டுட்டா மிச்சம் என்ன இருக்கு? உக்காந்த இடத்துக்குக் காப்பி வரும், அதானே?"

அவர் எழுந்து போய்விட்டார். ஆனால் மறுநாள் காலையில் பார்த்தால், ஷெட்டில் ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் சிவப்புப் பெயின்ட்டில் 'இதுதான் இடது' என்று எழுதி அம்புக்குறி போட்டிருந்தார். கோபம் பாதி குறைந்துபோனது. முழுவதும் குறைய நான் விடவில்லை.

இரண்டாவது கைப்பிடியை மேசையில் செய்யவில்லை. டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்து, அம்புக்குறியைப் பார்த்தபடி, இடது கையில் மெழுகைப் பிடித்தேன். நீட்டிய கால் இடிக்காமலிருக்க சீட்டையும் நாலு விரற்கடை பின்னால் தள்ளினோம். வாகன ஆபீசில் சமதரையில் ஓட்டிக் காட்டி, மாற்றத்தைப் புத்தகத்தில் பதிந்து வாங்கினேன். மேடு மட்டும் பாக்கி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணித்தொட்டி மேட்டில் சங்கமே வந்து நின்றது. வீட்டுக்காரரை ஏறச் சொன்னேன், தன் பாரமும் சேர வேண்டாமென்று அவர் கீழேயே நின்றுகொண்டார். பாதி ஏற்றத்தில் ஒரிஜினல் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். பின் சக்கரத்துக்குப் பின்புறம் ஒட்டி ஒரு தீப்பெட்டியை வைத்தார்.

"நசுங்கக் கூடாது மேடம்."

வலது கையில் ஹேண்ட்பிரேக். இடது கையில் ஸ்டீயரிங்கோடு சேர்த்துப் பித்தளைப் பிடி. வலது கால் ஆக்சிலேட்டரில். இடது கால் தன் பாட்டுக்கு நீட்டிப் படுத்திருந்தது. பயந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சுண்டுவிரலை முதலில் தளர்த்தினேன். பிறகு அடுத்தது. நடுவிரல் தளர்ந்தபோது இன்ஜினின் குரல் கொஞ்சம் கம்மியது, வண்டியின் பின்பக்கம் லேசாக அமுங்கியது. இதுதான் இடம். ஆக்சிலேட்டரை அழுத்தி ஹேண்ட்பிரேக்கை விட்டேன். மாமனார் ஒரு முறை கனைத்துவிட்டு, முன்னால் போனார். உச்சிக்குப் போய் நிறுத்தினேன்.

கீழேயிருந்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். இந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. தீப்பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

"பெட்டி நசுங்கலை சார். எல்லாரும் பாத்துக்குங்க, நசுங்கலை."

ஒரிஜினல் நிதானமாக ஏறி வந்தார். கூட்டத்துக்குக் கேட்கிற குரலில் பேசினார்.

"ஏறினது வாஸ்தவம். ஆனா நாம பேசினது அந்தக் காரைப் பத்தி. அதுல க்ளட்ச் கால்ல இருந்துச்சு. ஒரிஜினல்ல கை வெச்சுட்டா அது வேற வண்டி. வேற வண்டி ஏறினதுக்கு நம்ம பேச்சு எப்படிச் செல்லும்?"

இரண்டு பேர் தலையாட்டினார்கள். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அவருடைய தீப்பெட்டி மெல்லக் கீழே இறங்கியது.

நான் ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன். "கொஞ்சம் குனிங்க சார். ஒரு விஷயம்."

குனிந்தார். அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

"மேல் வரிசையில நாலு பல்லு. போன வருஷம் செஞ்சது. இடது ரெண்டாவதை வேணும்னுதான் துளி சாய்ச்சு வெச்சேன். ஒரிஜினல் மாதிரி இருக்கட்டும்னு."

அவர் கை வாய்க்குப் போனது.

"அந்தப் பக்கம் இல்ல சார். உங்க இடது." பிறகு கேட்டேன். "நீங்க வேற ஆளாயிட்டீங்களா என்ன? அதே ஆள்தானே?"

முப்பது வருடத்தில் ஒரு வாயின் சங்கதியையும் நான் வெளியே விட்டதில்லை. இதையும் வெளியே விடவில்லை. அவருடையதை அவரிடம்தான் சொன்னேன். அவர் நிமிர்ந்து, உதட்டை இறுக்க மூடிக்கொண்டு மாமனாரின் கூரையைப் பார்த்தார். பிறகு பல் தெரியாமல் பேசினார்.

"வண்டி அவங்களோடதுதான். அதே வண்டிதான்."

கூட்டத்தில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்காரர் சுற்றி வந்து பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார்.

"அவர் காதுல என்ன சொன்னே?"

"தொழில் ரகசியம். நீங்க முதல்ல இதைக் கேளுங்க. இனிமே என்னைக் கேட்காம என் பொருளுக்கு யார்கிட்டயும் சரின்னு சொல்லாதீங்க. நான் ஆஸ்பத்திரியில கிடந்தாலும் சரி, கட்டையில கிடந்தாலும் சரி."

"சரி."

"இந்தச் சரி செல்லும்."

பித்தளைப் பிடியை இழுத்து முதல் கியரைப் போட்டேன். மேட்டின் மறுபக்கம் சாலை இரண்டாகப் பிரிந்தது. வலதில் போனால் வீடு.

"வீட்டுக்குத்தானே?"

"வீடு எங்கயும் ஓடிடாது. இடது பக்கம் போலாம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "உன் இடதா, என் இடதா?"

"ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாத்துதானே உக்காந்திருக்கோம்," என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினேன்.