இருண்ட திரையும் இரண்டு அம்மாக்களும்

சோப்புத் தொழிற்சாலைக்குக் கிளம்பிய அன்று காலை, கார் கதவைச் சாத்தும்போதே பைலட்டம்மா தன் கணவனிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இன்னைக்கும் ஏதாவது சொதப்பினீங்கன்னா அடுத்த வேலைக்குத் தம்பியைக் கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

பைலட்டம்மா என்பது, வேலைக்குப் போகும் இடங்களில் வாசல் காவலாளிகள் அவளுக்கு வைத்த பேர். உயரமான கட்டடம், தண்ணீர்த் தொட்டி, புகைபோக்கி என்று மனிதன் சுலபமாக ஏற முடியாத இடங்களில் எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று ட்ரோனைப் பறக்கவிட்டுப் படம் எடுத்துக் கொடுப்பது அவள் தொழில். கணவன் அவளுக்கு உதவியாள். முன்பு ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தான். அலுவலகத்தை இழுத்து மூடியதும் வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தவனை, "சும்மா இருக்கிற நேரத்துக்குப் பையையாவது தூக்குங்க" என்று அவள்தான் கூட்டிக்கொண்டு போனாள். போன பிறகு அவனுக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. உண்மையைச் சொன்னால், வேலையைவிட நாள் முழுக்க அவள் பக்கத்தில் நிற்பதுதான் பிடித்திருந்தது.

பிடித்த வேலையெல்லாம் கைக்கு வந்துவிடுமா என்ன. ஒருமுறை ட்ரோனின் இறக்கைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்து, "இன்னைக்குக் காத்து சரியில்லைங்க" என்று வாடிக்கையாளரிடம் கதை அளந்தான். அன்று காற்று மருந்துக்குக்கூட இல்லை. இன்னொரு முறை மெமரி கார்டை மறந்தான். அரை நாள் பறந்ததெல்லாம் விழலுக்கு இறைத்த நீராயிற்று. அவளுடைய தம்பியோ ட்ரோன் படிப்புப் படித்து இரண்டு சான்றிதழ் வாங்கி வைத்துக்கொண்டு, "அக்கா, நான் வரட்டுமா?" என்று வாரம் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தான். மச்சினன் வாயைத் திறந்தாலே, தன் இடம் போய்விடுமோ என்று இவனுக்குப் பயம்.

அந்தப் பயத்தில்தான் அன்று அவன் ஒரு நல்ல காரியம் செய்தான். வினையே அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

தொழிற்சாலை வாசலில் அவர்களுடைய போன்கள், பவர் பேங்க் எல்லாவற்றையும் காவலாளி வாங்கி ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டார். உள்ளே கொண்டுபோகக் கூடாதாம். ட்ரோன், அதன் ரிமோட், ரிமோட்டில் மாட்டிப் படம் பார்க்கிற கையகலக் கணினியான டேப், இந்த மூன்றுக்கும்தான் அனுமதி. கையெழுத்துப் போட மேனேஜர் அறைக்குப் போன பைலட்டம்மாவை வெகுநேரம் காணோம். காரில் காத்திருந்தவன், மச்சினனுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்துவிட்டுப் போகட்டுமே என்று, டேப்பில் சேமித்து வைத்திருந்த ட்ரோன் பாடங்களைத் திறந்தான். 'பறக்கும்போது திரை அணைந்துவிட்டால்' என்பது பாடத்தின் தலைப்பு. "முதலில் பதறாதீர்கள்" என்றார் பாடம் நடத்தியவர். இவனுக்குக் கண் சொருகிவிட்டது. பாடங்கள் பாட்டுக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. விழித்துப் பார்த்தபோது டேப்பின் மூலையில் பேட்டரி சிவப்பாகக் கிடந்தது, பைலட்டம்மா கார் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். புத்தியுள்ளவன் சொல்லியிருப்பான். இவனுக்கு மச்சினனின் முகம்தான் கண்முன் வந்து நின்றது. சின்ன வேலைதானே, முடிகிறவரை தாங்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு டேப்பை ரிமோட்டில் மாட்டினான். வெயில் படாமல் திரை தெரிவதற்காக அதைச் சுற்றி ஒரு கறுப்பு மறைப்பு உண்டு. அதையும் பொருத்திப் பவ்யமாக அவள் கையில் கொடுத்தான். பேட்டரி காட்டும் மூலை மறைப்பின் மடிப்புக்குள் போனதைத் தற்செயல் என்று சொல்ல மாட்டேன்.

மேனேஜரும் கூடவே வந்து நின்றார். அவர் கழுத்தில் ஒரு விசில் தொங்கியது.

"ஏதாச்சும் ஆச்சுன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க போதும்" என்றார். "இதை ஊதினேன்னா மொத்த ஷிப்டும் வேலையை விட்டுட்டு வெளிய வந்துடும். இதுக்கு முன்னாடி ஒருத்தர் ட்ரோன் கொண்டுவந்தார். ஊதினேன். அதோட அவரைக் கூப்பிடறதில்ல."

சொல்லிவிட்டு விசிலை ஆசையோடு தடவிக்கொண்டார்.

ட்ரோன் ஏறியது. புகைபோக்கியின் முன்பக்கத்தை மேலும் கீழுமாக மேய்ந்துவிட்டு, சுற்றிக்கொண்டு பின்பக்கம் போயிற்று. பைலட்டம்மா மறைப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ரிமோட்டின் இரண்டு குச்சிகளையும் விரலால் நகர்த்திக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டால் மறைப்புக்குள் முகம் நுழையாது என்று அதைக் காரிலேயே கழற்றி வைத்துவிடுவாள். கண்ணாடி இல்லாமல், எதிரே வருவது கணவனா கம்பமா என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லுவாள். அவனுக்கு வேறு வேலை இல்லாததால், வழக்கம்போல வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

திடீரென்று அவள் முதுகு விறைத்தது.

"ஏங்க" என்று மறைப்புக்குள்ளிருந்து மெல்லக் கூப்பிட்டாள். "இருட்டிடுச்சு."

பட்டப்பகலில் எது இருட்டியிருக்கும் என்று அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவன் அவள் காதருகே குனிந்தான்.

"சார்ஜ் போட்டீங்களா இல்லையா?"

"முழுசாப் போட்டேன்."

"அப்புறம் எப்படி?"

"பாடம் பார்த்தேன்."

"என்ன பாடம்?"

"திரை அணைஞ்சுட்டா என்ன பண்றதுன்னு."

மறைப்புக்குள்ளிருந்து ஒரு நீண்ட மூச்சு வந்தது. "என்ன பண்ணணுமாம்?"

"முதல்ல பதறக் கூடாதாம்."

"அப்புறம்?"

"அதுக்கு மேல தூங்கிட்டேன்."

பைலட்டம்மா பதறவில்லை. அவளுக்குத் தொழில் தெரியும். டேப் வெறும் வேடிக்கை பார்க்கிற ஆள்தான். அது கண்ணை மூடினாலும் ரிமோட்டுக்கும் ட்ரோனுக்கும் உள்ள பேச்சுவார்த்தை அறுந்துவிடாது. குச்சிகளிலிருந்து விரலை எடுத்துவிட்டால் ட்ரோன் ஆகாயத்தில் அப்படியே நிற்கும். ரிமோட்டில் ஒரு பொத்தானும் இருக்கிறது. அதை அமுக்கினால், கிளம்பிய இடத்துக்குத் தானே திரும்பி வந்து இறங்கிவிடும். இது அவனுக்கும் தெரியும்.

"பட்டனை அமுக்கிடு. வந்துடும்" என்றான்.

"அமுக்க முடியாது."

"ஏன்?"

அவள் மறைப்புக்குள் முகத்தை இன்னும் ஆழமாகப் புதைத்தாள். பிறகு, கல்யாணமான நாள் முதல் அவன் கேட்டிராத ஒரு குரலில் சொன்னாள்: "திரும்பி வர்ற உயரத்தை மாத்த மறந்துட்டேன். போன வாரம் பள்ளிக்கூட மாடிக்கு வச்சது அப்படியே இருக்கு."

அதாவது, பொத்தானை அமுக்கினால் ட்ரோன் இன்னும் மேலே ஏறாது. இப்போது நிற்கிற உயரத்திலேயே நேர்கோடு பிடித்து வரும். நேர்கோட்டில் புகைபோக்கி நின்றது. கையால் மேலே ஏற்றலாம் என்றால், ட்ரோனின் தலைக்கு மேல் புகை கொதிக்கக் கொதிக்கச் சாய்ந்துகொண்டிருந்தது. பக்கவாட்டில் ஒதுக்கி, புகைபோக்கியை விட்டு விலக்கி, அப்புறம்தான் அமுக்க வேண்டும். அதற்குள் ட்ரோனின் பேட்டரியும் தீர்ந்துவிடக் கூடாது.

அவளும் தப்புச் செய்வாள் என்பதில் அவனுக்கு ஒரு கணம் ஜிலுஜிலுவென்று சந்தோஷமாக இருந்தது. அதை உட்கார்ந்து ரசிக்க நேரமில்லை.

"அணைஞ்சதும் திடுக்குனு விரல் குச்சியில பட்டுடுச்சு. மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு தெரியல. நான் வெளிய பார்த்தாலும் எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்கதான் பார்த்துச் சொல்லணும். எந்தப் பக்கம் போகுதுன்னு."

 அவனுக்கு இடது எது வலது எது என்பது சின்ன வயதிலிருந்தே தகராறு. பள்ளிக்கூட அணிவகுப்பில் எல்லாரும் ஒருபக்கம் திரும்ப, இவன் மறுபக்கம் திரும்பி, எத்தனை மூக்குகளோடு மோதியிருக்கிறானோ. காரில் அவனிடம் வழி கேட்டுக் கேட்டுப் பட்டது போதும் என்று, அவளே ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். அவர்கள் வீட்டு வாசலில் நின்று தெருவைப் பார்த்தால் இடக்கைப் பக்கம் அவள் அம்மா வீடு, வலக்கைப் பக்கம் அவன் அம்மா வீடு. இடது வலதுக்குப் பதில் உங்கம்மா பக்கம், எங்கம்மா பக்கம் என்று சொன்னால் போதும். அதில் மட்டும் அவனுக்குக் குழப்பமே வந்ததில்லை.

"என்ன, உங்களுக்குள்ள ஏதோ பேசிக்கறீங்க?" மேனேஜரின் கை விசிலுக்குப் போயிற்று.

"ஒண்ணுமில்ல சார். பின்பக்கம் பார்க்கறாங்க" என்றான் அவன். பின்பக்கத்தை யாருமே பார்க்கவில்லை என்பது அவனுக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.

"லேசா முன்னாடி தள்றேன். பாருங்க" என்றாள் பைலட்டம்மா.

புகைபோக்கியின் ஓரத்தில் பாதி தெரிந்த ட்ரோன் நகர்ந்தது. அந்தப் பக்கம் மின்கம்பிகள் இருந்தன.

"உங்கம்மா பக்கம் போகுது. வேணாம். உங்கம்மா பக்கம் போகவே போகாத. அங்க போனா ஆபத்து."

மேனேஜர் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப மூக்கு அந்தப் பக்கம் இருக்கு" என்று அவள் முணுமுணுத்தாள். "பின்னாடி இழுத்தா எதிர்ப்பக்கம் வரும். அங்க என்ன இருக்கு?"

"எங்கம்மா பக்கம் ஒரு தொல்லையும் இல்ல. காலி மைதானம்."

"நிச்சயமா?"

"எங்கம்மா மேல சத்தியமா எங்கம்மா பக்கம்தான்."

அவள் குச்சியை இழுத்தாள். ட்ரோன் வந்தது, வந்து புகைபோக்கிக்குப் பின்னால் மறைந்தே போயிற்று. 

"போதுமா?"

"காணோம்."

"காணோம்னா?"

"புகைபோக்கி மறைக்குது. நீ நிறுத்தாத. எங்கம்மா பக்கம் போயிட்டே இரு."

மேனேஜரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அவன் தோளில் கை வைத்தார். "தம்பி, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. அவங்க பாவம் வேலையில இருக்காங்க. இந்த நேரத்துலயா எங்கம்மா வீட்டுக்கு வா, உங்கம்மா வீட்டுக்குப் போகாதன்னு நச்சரிக்கறது? எங்க வீட்லயும் இதே கதைதான். நான் ரெண்டு பக்கமும் போறதில்ல. நிம்மதியா இருக்கேன்."

"சரி சார்" என்றான் அவன், கண்ணை எடுக்காமல். வியர்வை கழுத்தில் இறங்கி முதுகில் ஓடியது. ட்ரோன் விழுந்தால் காசு போகும், பேர் போகும். அதெல்லாம் அவளுக்கு. அவனுக்குப் போவது இந்த இடம், அவளுக்குப் பக்கத்தில் நிற்கிற இந்த ஒரு முழ இடம். நாளை இங்கே மச்சினன் நிற்பான், இவன் மறுபடியும் மோட்டுவளையைப் பார்க்க வேண்டும்.

புகைபோக்கியின் மறு ஓரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி எட்டிப் பார்த்தது.

"வந்துடுச்சு" என்றான். "இன்னும் கொஞ்சம். இன்னும். நில்லு. இப்ப அமுக்கு."

அவள் அமுக்கினாள். ட்ரோன் ஒரு சுற்றுத் திரும்பி, காலி மைதானத்துக்கு மேலாக, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைபோல நேராக வந்து, அது இறங்குவதற்கென்று விரித்திருந்த பாயில் இறங்கியது. இறக்கைகள் நின்ற பிறகுதான் இருவரும் மூச்சு விட்டார்கள்.

பைலட்டம்மா மறைப்பைக் கழற்றினாள். மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"அதுக்குள்ள ஆஃப் பண்ணிட்டீங்களா? நல்ல பழக்கம். எங்க ஆளுங்க ஃபேனைக்கூட நிறுத்த மாட்டாங்க."

திரை இருளும் முன்பே பின்பக்கத்தையும் எடுத்து முடித்திருந்ததால், படங்கள் எல்லாம் ட்ரோனுக்குள் பத்திரமாகப் பதிவாகியிருந்தன. அடுத்த முறையும் நீங்களே வாங்க என்றார் மேனேஜர். விசிலை ஊத முடியாமல் போனதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

வாசலில் போன்களை வாங்கிக்கொண்டு காரில் வந்து உட்கார்ந்தார்கள். அவள் வண்டியைக் கிளப்பவில்லை.  திட்டியிருந்தாலாவது தேவலை என்றிருந்தது அவனுக்கு. அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. தம்பிதான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, வேலை முடிஞ்சுதா? மாமா இன்னைக்காவது ஒழுங்கா இருந்தாரா?"

"எங்க இருந்தார். இன்னைக்கும் சொதப்பிட்டார்" என்றாள் அவள்.

அவன் பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு தலையைக் குனிந்தான்.

"அப்ப அடுத்த வேலைக்கு நான் வந்துடறேன்க்கா."

"நீ வேணாம்டா."

"ஏன்க்கா? ரெண்டு சான்றிதழ் வச்சிருக்கேன்."

"வச்சுக்கிட்டு? உனக்கும் எனக்கும் ஒரே அம்மா. உன்னைக் கூட்டிட்டுப் போனா நான் ஒரே பக்கமாத்தான் சுத்திக்கிட்டு இருக்கணும். மாமாதான் வருவார்."

"என்னக்கா சொல்றே? ஒண்ணும் புரியல" என்றான் தம்பி.

இவனுக்குப் புரிந்தது. சந்தோஷத்தில் கண்ணில் நீர் முட்டியது. அவள் பார்த்தால் கேலி செய்வாள் என்று, ஜன்னல் பக்கம் திரும்பி, மூடியிருந்த தொழிற்சாலைக் கதவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.