தேயாத பக்கம்

உன்னிடம் இருப்பது எந்த இயந்திரம் என்பதுதான் அந்தக் கணினி கேட்ட முதல் கேள்வி. திரையில் நீண்ட பட்டியல் ஒன்று விரிந்தது. நிலக்ஷனா மேலிருந்து கீழாக ஒருமுறையும் கீழிருந்து மேலாக ஒருமுறையும் தேடினாள். மேசைமேல் இருந்த இயந்திரத்தின் பெயர் அதில் இல்லை.

"நம்மளப் போலதான்," என்றான் பக்கத்துக் கதிரையில் இருந்த றோய். "ஆளு கண்ணு முன்னாடி நிக்குது, பதிவுல பேர் இல்ல."

அவனுக்கு எதிலும் சிரிப்பு. அவளுக்கோ பயம். பதுளையில் அவர்கள் மாலை வகுப்புப் படித்த அந்தத் தொழிற்பயிற்சி நிலையத்துக்கு, 2008ஆம் ஆண்டின் நடுவில், வெளிநாட்டு உதவியாக வந்த இயந்திரம் அது. பிளாஸ்டிக் இழையை உருக்கி, கோலம் போடுவதுபோலத் தட்டின்மேல் கோடிழுத்து, கோட்டின்மேல் கோடாக அடுக்கிப் பொருளை எழுப்பும் என்று கூடவந்த சிறு புத்தகம் சொன்னது. செய்துகாட்ட வருவதாக இருந்த ஆள் வரவேயில்லை. வரைபடம் கற்பிக்கும் அம்பலவாணர் சேர் அதைத் துணியால் மூடி வைத்திருந்தார். டிசம்பர் வரை அந்தத் துணியை விலக்க எவருக்கும் அவசியம் ஏற்படவில்லை. இப்போது நிலக்ஷனாவுக்கு ஏற்பட்டது.

அவளுடைய அம்மா றீட்டா தெமோதரைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருந்தாள். பாடசாலையில் கொடுக்கும் சீருடைத் துணி டிசம்பரில் அவளிடம் வந்து சேரும். ஜனவரியில் பள்ளிக்கூடம் திறக்கும்போது லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் வெள்ளை வெளேரென்று போவார்கள். இந்த வருஷம் துணியையெல்லாம் வெட்டி முடித்த மறுநாள், மெஷினுக்குள் இருந்த பிளாஸ்டிக் பல்சக்கரத்தில் இரண்டு பல் உடைந்து விழுந்தது. பழைய மெஷின். பதுளைக் கடைவீதியில் அந்தச் சக்கரம் இல்லை. பசறையிலும் இல்லை. கொழும்புக்குச் சொல்லி அனுப்பினால் தைப்பொங்கலுக்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். வெட்டிய துணியைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் பிள்ளைகள் எதைப் போட்டுக்கொண்டு போவார்கள் என்று அம்மா கேட்கவில்லை. துண்டுகளைப் பிள்ளைவாரியாக முடிந்து மூலையில் அடுக்கிவிட்டு, அந்தப் பக்கம் பார்க்காமல் நடமாடினாள்.

அந்த இயந்திரத்தில் சக்கரம் செய்து பார்க்கலாமா என்று அம்பலவாணர் சேரிடம் கேட்க நிலக்ஷனாவுக்கு மூன்று மாலைகள் பிடித்தன. கேட்டபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பழுதாகிவிட்டால் பதில் சொல்ல வேண்டியது தான்தான் என்றார். இருப்பது ஒரே ஒரு சின்னச் சுருள் இழை, அதுவும் வந்ததே பாதிதான். ஜனவரியில் கொழும்பிலிருந்து பார்வையிட வரும் அதிகாரிக்குக் காட்ட ஒரு பாலத்தின் மாதிரி அடிக்கவேண்டும், அதற்கு மிச்சம் பிடிக்கவேண்டும் என்றார். பிறகு, சின்னச் சக்கரம்தானே, நீர் கவனமாகச் செய்யும் என்று துணியை அவரே விலக்கினார்.

பெயர் இல்லாத இயந்திரத்தைப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளப் பட்டியலின் அடியில் ஓரிடம் இருந்தது. அதை அழுத்தியதும் கணினி கேள்விமேல் கேள்வி கேட்டது. தட்டு எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம்வரை எழுப்பலாம், இழை வரும் துவாரம் எவ்வளவு பெரிது. அவள் அடிமட்டம் வைத்து அளந்தாள். தன் கண்ணை நம்பாமல் றோயை அளக்கச் சொன்னாள். அவனையும் நம்பாமல் திரும்ப அளந்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனாலும் ஓடவிட்டதும் இழை வரும் முனை தட்டின் ஓரத்தைத் தாண்டிப் போய் இயந்திரத்தின் பக்கச் சுவரில் மோதி உறுமியது. அவள் மின் ஆளியை அணைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

தான் உடைத்துவிட்டதாகவே நினைத்தாள். ஆனால் ஒரு கேள்வி மட்டும் நின்றது: இது எங்கிருந்து எண்ணத் தொடங்குகிறது? கணினி தட்டின் நடுவைத் தொடக்கமாக எடுத்திருந்தது. இயந்திரமோ முன்பக்க இடது மூலையிலிருந்து எண்ணியது. ஒன்று சந்தியிலிருந்தும் மற்றது கோயிலடியிலிருந்தும் வழி சொன்னால் ஊர் போய்ச் சேருவதெப்படி? அந்த ஒரு கட்டத்தை மாற்றினாள். முனை சாதுவாக வந்து மூலையில் நின்றது. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு அதே யோசனை.

உடைந்த சக்கரத்தைப் பல் பல்லாகக் கவராயத்தாலும் நுண்ணளவியாலும் அளந்து வரைந்தாள். கடைக்குப் போனால் தேய்ந்ததை நீட்டி 'இதே மாதிரி ஒண்ணு' என்று கேட்பதுதானே வழக்கம். அவளும் இதே மாதிரிதான் வேண்டுமென்று, உடைந்த இரண்டு பல்லையும் பக்கத்துப் பல்லைப் பார்த்து நிரப்பி, மயிரிழை பிசகாமல் எடுத்தாள். திரையில் அந்தச் சக்கரத்தைத் தட்டின்மேல் வைத்தபோது பயம்கூட மறந்துபோயிற்று. நிமிர்த்தி வைத்தால், அந்தரத்தில் நிற்கும் பகுதிகளுக்கெல்லாம் கணினி தானாக முட்டுக் கொடுத்தது. அந்த முட்டுக்கே பாதி இழை போய்விடும். அடுக்குகளும் பற்களுக்குக் குறுக்கே ஓடின. அப்படிச் செய்தால் பல் அடுக்கோடு அடுக்காகப் பிட்டுக்கொள்ளாதா? படுக்க வைத்தாள். முட்டுகள் மறைந்தன. ஒவ்வொரு அடுக்கும் ஒரு முழுச் சக்கரமாக இருந்தது. அவள் அதை நிமிர்த்துவதும் படுக்க வைப்பதுமாகவே இருந்ததைப் பார்த்து, புதுப் பிள்ளை பெற்றவள்போலச் செய்கிறாள் என்றான் றோய்.

சக்கரம் அழகாகத்தான் வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோனதும் மெஷினின் அச்சில் போய் உட்கார்ந்தது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டு மிதியை அழுத்தினாள். நாலு தையல் ஒழுங்காக விழுந்தது. பிறகு உள்ளே டக்கென்று ஒரு சத்தம், தையல் விட்டுப்போயிற்று, துணி சுருண்டது.

"பழைய சக்கரம் சாவுறதுக்கு முன்னாடி இதே சத்தந்தான் போட்டுச்சு," என்றாள் அம்மா. கோபமில்லாமல்தான் சொன்னாள். துணியிலிருந்து நூலைப் பிரித்தெடுக்க உட்கார்ந்தாள்.

தன் அளவு பிழைத்தது என்று நிலக்ஷனா முடிவுகட்டினாள். மறுநாள் வகுப்பில் பழைய சக்கரத்தை மறுபடி முழுவதும் அளந்தாள். ஒன்றும் பிழைக்கவில்லை. அதுதான் விளங்கவில்லை. பிழை இருந்தால் திருத்தலாம். பிழையே இல்லாத ஒன்று எப்படிப் பிழையாக ஓடும்? அம்மா சொன்ன சொல்லை நினைத்தாள். அதே சத்தம். அப்படியென்றால் அவள் சக்கரத்தைச் செய்யவில்லை, சக்கரத்தின் கடைசி நாளைச் செய்திருக்கிறாள்.

யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எல்லாப் பற்களும் ஒரே திசைக்குச் சாய்ந்திருந்தன. ஒரு பக்கம் குழிந்து வழுவழுவென்று இருந்தது. மறுபக்கத்தில் அச்சில் வார்த்தபோது விழுந்த மெல்லிய வரிகூட அழியாமல் இருந்தது. மெஷின் ஒரே பக்கமாகத்தான் சுற்றும். இதைச் சுற்றவைக்கும் இரும்புச் சக்கரம் தள்ளும் பக்கம் மட்டும் தேயும். அவள் தேய்ந்த பக்கத்தை விட்டுவிட்டு, தேயாத பக்கத்தை எடுத்து, திரையில் கண்ணாடிபோலத் திருப்பி மறுபக்கமாக ஒட்டினாள். பல் நேராக நிமிர்ந்தது. வருஷக்கணக்காக அம்மாவே பார்த்திராத பல்.

இனித்தான் உண்மையான சிக்கல். மிச்சமிருந்த இழையைக் கணக்கில் கொடுத்ததும் கணினி இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும் என்றது. ஒன்று பாலம், அல்லது சக்கரம்.

அவள் அம்பலவாணர் சேரின் மேசைமுன் போய் நின்றாள். சொல்ல நினைத்ததையெல்லாம் முந்திய இரவே கொப்பியில் வரிசையாக எழுதி வைத்திருந்தும் வாயில் வந்தது வேறு.

"சேர், மொத தடவ நான் செஞ்சது தப்பு. இந்தத் தடவயும் தப்பாப் போகலாம். ஆனா செஞ்சு பாக்காம எனக்குத் தெரியாது."

அவர் பழையதும் அவள் அடித்ததுமான இரண்டு சக்கரங்களையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சாய்ந்த பற்களை விரல் நுனியால் தடவினார். வரைபடத்தைத் திரையில் காட்டச் சொன்னார். திருப்பி ஒட்டிய இடத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"நீர் அளந்ததிலை பிழையில்லை," என்றார். "எதை அளக்கிறதெண்டதிலைதான் பிழை விட்டிருக்கிறீர்."

"ஓம் சேர்."

"பாலத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் அந்த மனுசன் வடிவாயிருக்கு எண்டு சொல்லிப்போட்டுத் தேத்தண்ணி குடிப்பார்." அவர் சக்கரங்களைத் திருப்பிக் கொடுத்தார். "இதை அடியும். ஓடினால் அவருக்கு நீர்தான் விளங்கப்படுத்த வேணும். நான் இல்லை."

அவள் திரும்பி வந்து வரைபடத்தை இன்னொருமுறை சரிபார்த்தாள். பிறகு ஆளியைப் போட்டாள். கடைசி அடுக்குகள் ஏறும்போது சுருளில் வெறும் வளையம் தெரிந்தது. றோய் சுருளை விரலால் மெல்லச் சுழற்றி இழைக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தான்.

வீட்டில் அம்மா சக்கரத்தைப் பூட்டி, உதவாத துண்டுத் துணி ஒன்றை முதலில் ஓட்டிப் பார்த்தாள். சத்தம் வந்தது, ஆனால் அது புது மெஷினின் உரத்த சத்தம். தையல் நெருக்கமாக, ஒரே சீராக விழுந்தது. அம்மா துணியின் முடிவுவரை ஓட்டினாள். திருப்பி மறுபடி ஓட்டினாள். பிறகு மூலையிலிருந்த முதல் முடிச்சை அவிழ்த்து, பெரியாயி மகளின் கவுன் துண்டுகளை எடுத்தாள்.

"நின்னு பாத்துக்கிட்டே இருக்காத. அந்தப் பக்கத்தப் புடி," என்றாள்.

நிலக்ஷனா துணியைப் பிடித்தாள். கண் மட்டும் மெஷினின் திறந்த மூடிக்குள் இருந்தது. இதுவும் ஒருநாள் தேயும், அதே பக்கம்தான் தேயும். அச்சு நுழையும் நடுக்குமிழ் இந்தச் சக்கரத்தில் ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்தது; அதை இரண்டு பக்கமும் ஒரே உயரமாக வரைந்திருந்தால், தேய்ந்ததும் கழற்றிப் புரட்டிப் பூட்டி மறுபக்கத்தையும் ஓட்டியிருக்கலாமே. ஏன் தோன்றவில்லை? இனி அடிக்க இழையில்லை. ஆனால் வரைந்து வைக்க இழை எதற்கு?

"ஏய், துணி கோணுது," என்றாள் அம்மா.