பெயர் சொல்லும் பெட்டி

அண்ணன் நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்தான். அதனால் அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் என்ன, கணவன் இறந்துபோன பிறகு அவளுக்கு எதுவுமே வரவில்லை. கண்ணாடிக் கடையில் வழக்கம்போல லென்ஸ் தேய்த்தாள், சட்டத்தில் பொருத்தினாள், பேருந்து ஏறி வீட்டுக்கு வந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது.

கைப்பையில் எப்போதும் ஒரு பாட்டுப் பெட்டி இருந்தது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கணவன் அதிலிருந்த கம்பெனி மென்பொருளைத் தூக்கிவிட்டு, யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருளைப் போட்டிருந்தான். பாட்டுகளும் எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படாத திறந்த வடிவத்தில்தான்.

"ஓசி மாப்பிள்ளை வந்தாச்சு" என்று அண்ணன் கிண்டல் செய்வான்.

"ஓசி இல்ல மச்சான், விடுதலை! என் இஷ்டத்துக்கு மாத்திக்கலாம்ல?"

மாற்றியும் காட்டினான். நாளெல்லாம் லென்ஸைப் பார்க்கிற கண் பேருந்திலாவது மூடியிருக்கட்டும் என்று, பாட்டுத் தொகுப்பு ஒவ்வொன்றின் பெயரையும் தன் குரலிலேயே பதிந்து வைத்தான். பொத்தானை அழுத்தினால் காதுக்குள் சொல்வான்: "மழைப் பாட்டு." இன்னொரு அழுத்து: "உங்க மேனேஜர் திட்டின நாளுக்கு."

அவன் போன பிறகு அவள் பாட்டே கேட்கவில்லை. பெயர்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வீடு வந்து சேர்வாள்.

அந்தப் பெட்டியைத்தான் அண்ணன் எடுத்துப்போய், கம்பெனியின் புது மென்பொருளை ஏற்றிக் கொண்டுவந்தான்.

"திரையே என்னமோ மாதிரி இருந்துச்சு பாப்பா. இப்ப பாரு, பளபளன்னு!"

பளபளத்த திரையில் 'பாட்டுகள் இல்லை' என்று வந்தது. அழுத்தினாள். குரல் வரவில்லை.

"எல்லாத்தையும் அழிக்கவான்னு கேட்டுச்சாண்ணா?"

"என்னென்னமோ கேட்டுச்சு. எல்லாத்துக்கும் சரி, சரின்னு போட்டேன். ஏன்?"

"அவர் குரல் இதுலதான் இருந்துச்சு. வேற எங்கயும் இல்ல."

அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவளுக்குக் கை மட்டும் சில்லிட்டிருந்தது. அதையும் வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவனின் நண்பன், எல்லாரும் 'தாடி' என்று கூப்பிடுகிறவன், மடிக்கணினியோடு வந்தான். பெட்டியை அதில் மாட்டித் தேடினான். அண்ணன் நகம் கடித்தபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அழியல அண்ணி" என்றான் தாடி கடைசியில். "எல்லாம் உள்ளதான் கெடக்கு. கம்பெனிச் சரக்குக்கு இதைப் படிக்கத் தெரியல. தனக்குத் தெரியாததை இல்லவே இல்லன்னு சாதிக்குது."

"அப்பாடா!" என்றான் அண்ணன்.

"என்னண்ணே அப்பாடா? நீங்க போட்ட 'சரி'ல ஒண்ணு மாறியிருந்தா, மொத்தமும் காலி."

பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றி, ஒரு சின்ன ஒலிபெருக்கியை மாட்டி, தாடி பொத்தானை அழுத்தினான்.

"மழைப் பாட்டு" என்றது கணவனின் குரல், பக்கத்து அறையிலிருந்து சொல்வதுபோல. இன்னும் சில பெயர்கள். அப்புறம்: "மச்சான் ரசனை. காது பத்திரம்."

அண்ணன் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே உடைந்து, மேசையில் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தான்.

அவள் தனக்கும் வருகிறதா என்று காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. அண்ணனின் முதுகில் கை வைத்தாள். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"உனக்கு... ஒண்ணும் பண்ணலையா பாப்பா?"

"இல்லண்ணா."

தாடியிடம் திரும்பினாள். "இந்தக் குரலை அண்ணனுக்கு ஒரு காப்பி போட முடியுமா?"

"எத்தனை வேணும்னாலும் போடலாம் அண்ணி. யாரையும் கேக்க வேண்டியதில்ல."

"ஒண்ணு போதும்" என்று சொல்லிவிட்டு, அண்ணனுக்கு முகம் துடைக்கத் துண்டு எடுத்துவர உள்ளே போனாள்.