நான்கு கம்பிகளையும் கழற்றவும்

1

இந்தக் கதை ஒரு கடை பில்லின் பின்பக்கத்தில் தொடங்கியது. அங்கே மூன்று வரிகள் இருந்தன. எழுதியவன் நான். மூன்றும் தெளிவாக, சுருக்கமாக, ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் இருந்தன. அவற்றால் என் அக்காவுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் கதை. நேராகச் சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் நான் பத்தொன்பது வருடமாகச் சலவை இயந்திரத்துக்கும் மிக்சிக்கும் உபயோகக் குறிப்பு எழுதிப் பிழைப்பவன். மிச்ச நேரத்தில் கதை எழுதுபவன். இரண்டு பழக்கமும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் அவன் எதையும் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டான். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், வாசகரே.

2

முதல் வரிகள், கைவிடப்பட்டவை:

அக்கா முதன்முதலாக அந்தப் பெரிய வாத்தியத்தைப் பார்த்தது ஒரு மழை நாளில், கண்ணாடிக் கதவுக்கு அப்பால்

(மழை வேண்டாம். பார்த்தது ஆஸ்பத்திரி ஊழியர் அறையில், ஒரு பழைய டிவியில்.)

கணவர் பிரிந்துபோன வெறுமையை நிரப்பிக்கொள்ள அக்கா

(அவர் போய் ஒன்பது வருடமாகிறது. வெறுமை ஒன்றும் இல்லை, ஒரு அலமாரி கூடுதலாகக் கிடைத்தது என்பாள்.)

நாற்பத்தேழு வயதில் எதற்கு டபுள் பேஸ், அந்த ராட்சச வயலின், என்று அவளிடமே கேட்டேன். பாத்திரத்துக்கு ஒரு காரணம் வேண்டும் என்பது எங்கள் கதை எழுதும் கூட்டத்தின் நம்பிக்கை.

"சும்மாதான்டா. ஆளைவிட உசரமா நிக்குது. கட்டிப்பிடிச்சுட்டு வாசிக்கலாம்னு தோணுச்சு."

இதை எந்தக் கதையில் வைப்பது? வைத்துவிட்டேன்.

அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்ச இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, வாடகைக்கு எடுத்த டபுள் பேஸில் விரலால் கம்பியை இழுத்து ஜாஸ் பழகினாள். எட்டு மாதம், தனியாக. அதே ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் பியானோ வாசிப்பார், ஆம்புலன்ஸ் டிரைவர் டிரம்ஸ். அவர்களோடு பேஸ் வாசித்தவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. "சனிக்கிழமை மத்தியானம் வந்து ஒரு மணி நேரம் கூட வாசிங்க, செட் ஆகுதான்னு பாக்கலாம்" என்றார் டாக்டர். அக்கா அன்றைக்கு என்னிடம் அதையே மூன்று முறை சொன்னாள்.

ஒரு சிக்கல்தான். வாத்தியத்தில் இருந்தவை விறைப்பான எஃகுக் கம்பிகள். கால் மணி நேரத்தில் விரல்நுனி கொப்புளித்துவிடும்.

"கம்பியை மாத்தணும்டா. எது வாங்கறதுன்னு விசாரிச்சு, எப்படி மாட்டறதுன்னு எழுதிக் குடு. உனக்குத்தான் அதெல்லாம் கைவந்த கலையாச்சே."

3

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டிருந்தார். விற்பதும் அவர்தான், பழுது பார்ப்பதும் அவர்தான்.

"யாருக்கு சார்?"

"அக்காவுக்கு. இப்பத்தான் கத்துக்கறாங்க. ஜாஸ்."

"வில்லு போடுவாங்களா, விரல்தானா?"

"விரல்தான்."

"கை பெரிசா, சின்னதா?"

நான் என் கையை விரித்துக் காட்டினேன். "உங்க கை எதுக்கு சார்" என்றார்.

மூன்று வகைகளை மேஜைமேல் வைத்தார். முதலாவது, ஆட்டுக்குடலில் திரித்தது. "சத்தம் உருண்டையா வரும், பழைய ஆளுங்களுக்கு உசுரு. ஆனா வெயிலடிச்சா ஒரு சுருதி, மழை பேஞ்சா ஒரு சுருதி. புதுசா கத்துக்கறவங்களுக்கு சுருதி சேக்கறதுலயே ஆயுசு போயிடும்." இரண்டாவது, எஃகு. "நாதம் நீளமா நிக்கும். வில்லுக்கு நல்லாருக்கும். ஆனா விரலோட நல்லா முறைச்சுக்கும்." மூன்றாவதின் நடுவில் நைலான் போன்ற இழை, அதைச் சுற்றி உலோகம். "இறுக்கம் கம்மி, விரலுக்கு மெத்துன்னு இருக்கும். பக்கத்துல டிரம்ஸ் அடிச்சாலும் கேக்கும். வாத்தியத்தையும் ஒரு நாள் கொண்டாங்க, கம்பியைத் தாங்கற மரக்கட்டை, அதான் பிரிட்ஜ், அதைக் கொஞ்சம் இறக்கித் தரேன். கம்பி தாழ இருந்தாலே பாதி வலி போயிடும்."

* என்ன கம்பி வாங்குவது என்று தெரிந்துகொள்ள மட்டும் இதைப் படிப்பவர்களுக்கு: மூன்றாவது. நீங்கள் இப்போது கிளம்பலாம்.

"எப்படி மாட்டறது?" என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் கழட்டிட்டு, தொடச்சிட்டு, புதுச மாட்டுங்க" என்றார் கடைக்காரர்.

4

மேலே உள்ள கடைசி வரி பொய். அடிக்காமல் விட்டிருக்கிறேன்.

அவர் சொன்னது இது: "தடிமனான கம்பியைக் கழட்டுங்க. அந்த இடத்துல புதுச மாட்டி இறுக்குங்க. அப்புறம் ரெண்டாவது, கழட்டுங்க, மாட்டி இறுக்குங்க. அப்புறம் மூணாவது, கழட்டுங்க, மாட்டி இறுக்குங்க. அப்புறம் நாலாவது, கழட்டுங்க, மாட்டி இறுக்குங்க." ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கிக் காட்டினார்.

பஸ்ஸில் உட்கார்ந்து அதை நோட்டில் எழுதினேன். எட்டு வரி வந்தது. அதே இரண்டு வரி, நான்கு முறை. என் தொழிலில் இது மானக்கேடு. திரும்ப வருவதை ஒன்றாகச் சேர், வாசிப்பவர் நேரத்தை வீணாக்காதே என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். இறங்குவதற்குள் பில்லின் பின்பக்கத்தில் அழகாக எழுதிவிட்டேன்.

1. நான்கு கம்பிகளையும் கழற்றவும்.
2. மெல்லிய துணியால் வாத்தியத்தைத் துடைக்கவும்.
3. புதிய கம்பிகளை மாட்டவும்.

(துடைப்பது என் சொந்தச் சரக்கு. மூன்று படி இருந்தால் குறிப்பு நிறைவாகத் தெரியும்.)

5

வெள்ளிக்கிழமை அக்கா லீவு போட்டாள். வாத்தியத்தைக் கம்பளத்தில் படுக்கவைத்து, முதல் படியைச் செய்தாள். பிரிட்ஜ் சாய்ந்து கையோடு வந்துவிட்டது. அதுவும் குறிப்பில் அடக்கம் என்று நினைத்தாள். இரண்டாவது படிக்காக வாத்தியத்தைப் புரட்டினாள். உள்ளே டொக் என்று ஒரு சத்தம்.

"டேய், உள்ள என்னமோ உருளுதுடா."

பிறகு படித்துத் தெரிந்துகொண்டது: வாத்தியத்தின் வயிற்றுக்குள் ஒரு சின்ன மரக்குச்சி நிற்கிறது. பசையில்லை, ஆணியில்லை. மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே, கம்பிகள் அழுத்தும் அழுத்தத்தில் மட்டும் நிற்கிறது. நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றினால் விழுந்துவிடும். அது விழுந்தபின் கம்பியை இறுக்கினால் மேல்பலகையே பிளந்துபோகலாம். தெரிந்தவர்கள்தான் அதை மறுபடி நிறுத்த முடியும். அதனால்தான் கடைக்காரர் நான்கு விரலை மடக்கினார்.

சனிக்கிழமை போயிற்று. அடுத்த சனிக்கிழமை ஒரு பல் டாக்டர் வந்து வாசித்தார். செட் ஆகிவிட்டது.

அதற்கு முன், அந்த வெள்ளிக்கிழமையே, போனில் அக்கா கேட்டாள்: "நீ எழுதினபடிதான்டா செஞ்சேன். கடைக்காரர் இப்படித்தான் சொன்னாரா?"

"ஆமாக்கா."

யோசிக்கக்கூட இல்லை. இதையும் சுருக்கமாகத்தான் சொன்னேன்.

"எக்ஸ்ரே எடுக்காமயே தெரியுது, அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியலைன்னு. இனி அந்தக் கடைப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். மற்ற கடைக்காரர்களையும் நம்பவில்லை. ஐந்து மாதமாக வாத்தியம் உறைக்குள், அவள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. நான் போகும்போதெல்லாம் அவள் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. நான் பார்க்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

6

முடிவுகள், சில:

அ) பல் டாக்டருக்கு ஊர் மாற்றல். (ஒரே கதையில் இரண்டு மாற்றல் கூடாது.)

ஆ) கடைக்காரர் தற்செயலாக எக்ஸ்ரே எடுக்க வருகிறார். அக்கா "அசையாதீங்க" என்கிறாள், பேச்சு தொடங்குகிறது. (நன்றாகத்தான் இருக்கிறது. அவருக்கு எங்கே அடிபட வைப்பது? என்னால் ஏற்கெனவே பட்டது போதும்.)

இ) "எனக்கு அப்பவே தெரியும்டா" என்று அக்கா சிரிக்கிறாள். (எல்லாத் தம்பிகளுக்கும் பிடித்த முடிவு. அதனாலேயே அடித்துவிடுகிறேன்.)

7

போன வாரம் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கடைக்காரர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"நாலு தடவ சொன்னேனே சார்."

"படிக்க நல்லா இல்லைன்னு சுருக்கிட்டேன்."

கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். பிறகு, "கொண்டாரச் சொல்லுங்க. நிக்க வெச்சுடலாம்" என்றார்.

என் கதைகளை அச்சுக்குப் போகும் முன் படிப்பவர் ஒரே ஒருவர்தான், பென்சிலும் கையுமாக. வாசகரே என்று நான் கூப்பிட்டதெல்லாம் உன்னைத்தான், அக்கா. ஞாயிற்றுக்கிழமை நீ டீ போட உள்ளே போகும்போது, இந்தத் தாள்களை வாத்திய உறையின் பக்கப் பையில், பிரிக்காத புதுக் கம்பிகளோடு வைக்கப்போகிறேன். இதைப் படிக்கிறாய் என்றால் உறையைத் திறந்திருக்கிறாய். வேறு யாராவது படித்தால், நீ கொடுத்திருக்கிறாய். இரண்டும் நடக்கவில்லை என்றால், கதை கதவுக்குப் பின்னாலேயே நிற்கட்டும்.

குறிப்பைத் திருத்தி எழுதுகிறேன். ஒரு கம்பிக்கு ஒரு முறை.

அவர் சரியாகத்தான் சொன்னார். நான்தான் தப்பாக எழுதினேன்.
அவர் சரியாகத்தான் சொன்னார். நான்தான் தப்பாக எழுதினேன்.
அவர் சரியாகத்தான் சொன்னார். நான்தான் தப்பாக எழுதினேன்.
அவர் சரியாகத்தான் சொன்னார். நான்தான் தப்பாக எழுதினேன்.

கீழே எட்டாவது பகுதிக்கு இடம் விட்டிருக்கிறேன்; அதை நீதான் எழுத வேண்டும். பென்சிலும் பையிலேயே இருக்கிறது.

8