செல்வம் போட்ட மஞ்சள் கோடு

சாமியானாக் கம்பை ஊன்றக் கடப்பாரையை ஓங்கிய காஜா மொய்தீனின் கையை எதிர்வீட்டு ரஞ்சித் பிடித்துக்கொண்டான்.

"பெயிண்டுக்கு உள்ள ஊனாத பா. தள்ளி ஊனு."

"சாவு வூட்ல இன்னாத்துக்குக் கோடு பாத்துகினு கீற?"

"அது கீர்த்தியோட காரு நிக்கிற எடம்."

"காரு எங்க கீது?"

"வரும்."

வாசலில் நின்ற கீர்த்திக்கு அழுகையோடு சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது. உள்ளே ஐஸ் பெட்டியில் அவள் அப்பா செல்வம் படுத்திருந்தார். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்தவர், ஆஸ்பத்திரி வாசலைக்கூடப் பார்க்கவில்லை.

துறைமுகத்தில் கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டியவர். அத்தனை நீள வண்டியை எண்ணூர் நெரிசலில் கண்ணை மூடிக்கொண்டு திருப்புவார். ஆனால் காசிமேட்டுச் சந்தில், சொந்த வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி ஒரு கார் அவருக்கு எந்தக் கடையிலும் அகப்படவில்லை. தான் வேலை பார்க்கும் கார் கம்பெனியில் நகரத்துக்கென்று ஒரு குட்டி மின்சாரக் காரை வடிவமைக்கும் பொறுப்பு கிடைத்ததும், கீர்த்தி அதன் அளவை முதலில் இந்தத் தெருவில்தான் போட்டுப் பார்த்தாள். டேப்பின் ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை அப்பா பிடித்தார். கரண்டுப் பெட்டிக்கும் அடிபம்புக்கும் நடுவில் அந்த அளவு கச்சிதமாக உட்கார்ந்தது. மறுநாளே அவர் மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டுவிட்டார்.

அதன்பின் சாயங்காலமானால் கோட்டுக்குள் வலப்பக்கம், ஸ்டியரிங் வர வேண்டிய இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். "நைனா, இன்னா ஸ்பீடு?" என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கேட்பான். "சிக்னல்ல நிக்கிறேன், போடா" என்பார். அம்மா குணசுந்தரியையும் பக்கத்து சீட்டுக்குக் கூப்பிடுவார். "தெரு சிரிக்கும்" என்று அவள் உள்ளே போய்விடுவாள்.

அப்பாவை எடுத்த பிறகு, பெண்கள் தலைமுழுகிவிட்டு வந்த நேரத்தில் கீர்த்தியின் மேலாளர் ஜெபின் போன் செய்தார்.

"இன்னைக்குக் கேக்கக் கூடாதுதாம்மா. சாயந்திரம் மாடல முடிவு பண்றாங்க. டிக்கி பெருசா வேணுமாம். அரை அடி நீட்டிரலாமா?"

"வேணாம் சார்."

"அரை அடிதான."

கீர்த்தி கோட்டைப் பார்த்தாள். அரை அடி நீண்டால் மூக்கு அடிபம்பில் இடிக்கும். அப்பா உயிரோடு இருந்திருந்தாலும் அவள் இதையேதான் சொல்லியிருப்பாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"ஊருக்குள்ள ஓடுற வண்டி ஊருக்குள்ள நிக்கவும் வேணும் சார். பெரிய டிக்கி கேக்குறவங்களுக்குப் பெரிய வண்டி நெறைய இருக்கு. வேணும்னா பின் சீட்ட மடக்குற மாதிரி பண்ணித் தரேன். நீளத்துல கை வெக்காதீங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க."

"சரிம்மா, அப்படியே சொல்றேன்."

வெயில் சாய்ந்தபோது அவரிடமிருந்து செய்தி வந்தது. நீளம் மாறவில்லை, பின் சீட்டை மடக்கினால் போதுமாம்.

"கம்பெனில இன்னாடி சொல்றாங்க?" என்றாள் அம்மா.

"அப்பா போட்ட கோடு தாம்மா. மாறல."

சாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாடகை நாற்காலிகளோடு அப்பாவின் நாற்காலியையும் காஜா மொய்தீன் அடுக்கப் போனார். அம்மா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கோட்டுக்குள் கொண்டுபோய், வலப்பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, இடப்பக்கமாகப் போட்டு உட்கார்ந்தாள்.

தெரு சிரிக்கவில்லை. பைக்கில் வந்த ரஞ்சித் எஞ்சினை அணைத்து இறங்கி, கோட்டை மிதிக்காமல் ஓரமாக உருட்டிக்கொண்டு போனான்.