கல்லின் அடிப்பக்கம்

"எச்சில் தட்டைப் பாத்து, சாப்பிட்டது யாருன்னு சொல்ற உத்தியோகம்" என்று என் வேலையைக் கிண்டல் செய்வார் என் கணவர். பஸ் ஓட்டுகிறவர், வாய் சும்மா இருக்காது. ஆனால் அவர் சொல்வது சரிதான். ஐம்பத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன், எலும்பும் பல்லும் இல்லாத ஒரு ஜீவன் கடலடிப் பாசியை வழித்துத் தின்றபடியே நகர்ந்திருக்கிறது. விரல்களை விரித்து மாவை வழித்த மாதிரி வரிசையாகக் கீறல்கள், நான்கு பலகைக் கற்களில். ஐந்தாவது கல்லில், கீறல்கள் முடிகிற இடத்தில், அந்த ஜீவனே என் உள்ளங்கை அளவில் பதிந்து கிடந்தது.

அந்த ஐந்தாவது கல் இல்லாவிட்டால் ஒரு பயலும் நம்ப மாட்டான். அலை இழுத்த கோடு என்று தள்ளிவிடுவார்கள்.

வேனில் இடம் போதவில்லை. நான்கை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். ஐந்தாவதை மட்டும், அடுத்த நடையில் பத்திரமாக எடுத்துப்போகலாம் என்று, வீட்டுக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடிவைத்தேன். ஒரு வாரம் கழித்துத் திரும்பினால், பின்வாசலில் புதுப் படி.

"எப்படி இருக்கு? மழைத்தண்ணி தேங்கி அன்னைக்கு வழுக்கி விழுந்தியே, அதான் போட்டேன்" என்றார்.

"எந்தக் கல்லு?"

"நீ வேணாம்னு விட்டுட்டுப் போனதுதான். மேடும் பள்ளமுமா இருந்த பக்கத்தக் கீழ வச்சு சிமெண்ட் போட்டுட்டேன். கால்ல குத்தக் கூடாதில்ல?"

"ஐயோ, குடியக் கெடுத்தீங்களே!" என்று கத்திவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. கடப்பாரையை அவரே எடுத்துவந்தார். கல் எழும்பியது, அதன் அடித்தோல் உரிந்து சிமெண்டிலேயே தங்கிவிட்டது. மண்டியிட்டு, சில்லுகளைப் பொறுக்கிப் பொறுக்கிப் பொருத்திப் பார்த்தார். எல்லாம் பொடி.

போட்டோ இருந்தது. போட்டோவை வைத்து நாக்கு வழிக்கவா? கல்லைக் கண்ணில் காட்டாமல் எந்த ஆய்விதழும் ஏற்காது.

கட்டுரையை முடிக்க உட்கார்ந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"என் புருஷன்தான் கெடுத்தான்னு எழுதிடு. என் பேரையும் போடு. அப்பவாவது அப்படி ஒரு கல்லு இருந்துச்சுன்னு நம்புவாங்கல்ல?"

நான் கோபக்காரி. அவரைத் திட்ட எத்தனையோ வார்த்தைகள் சேர்த்துவைத்திருந்தேன்.

"போய் டீயக் குடிங்க, ஆறுது" என்றேன்.

அவர் நகரவில்லை. 'மேய்ந்தது எதுவென்று தெரியவில்லை' என்று தட்டினேன். தெரியாதா? அந்த உடம்பின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தவள் நான். இனி யாரிடம் போய்ச் சொல்ல?