மெல்போர்னிலிருந்து ஒரு மிஸ்டு கால்

தீர்த்தம்மாளின் போனில் 'மாப்பிள்ளை' என்று பதிந்து வைத்திருக்கும் நம்பர் எந்த ஆண்பிள்ளையுடையதும் அல்ல. அது அவள் தோட்டத்துப் போர் மோட்டாரின் நம்பர். மோட்டார் கொட்டகையில் மாட்டியிருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு உண்டு. மும்முனைக் கரண்ட் வந்ததும் பெட்டி அவளுக்குப் போன் அடிக்கும். அதை எடுக்காமல் விட்டு, திரும்ப ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். இன்னொன்று கொடுத்தால் நிற்கும். தொட்டதற்கெல்லாம் கோபித்துக்கொண்டு நின்றுவிடுகிறது, தாங்கித் தாங்கித்தான் வேலை வாங்க வேண்டியிருக்கிறது என்பதால் அவள் வைத்த பெயர் அது. வேறு என்ன பெயர் வைப்பாள்?

இந்த மாப்பிள்ளை கட்டுப்படுவது ஒரே ஒரு நம்பருக்கு. அது தீர்த்தம்மாளின் நம்பர். ஒரு காலத்தில் அவள் கணவர் ராஜப்பனின் நம்பரும் பெட்டியில் இருந்தது. அவர் ஓசூர் கம்பெனி ஒன்றுக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறவர். ஒருநாள் சட்டைப்பையில் இருந்த போன் தானாகவே மோட்டாரை அழைத்துவிட்டது. மனிதர் ஓசூரில் டீ குடித்துக்கொண்டிருக்க, இங்கே மாரண்டஹள்ளியில் மோட்டார் பகல் முழுக்க ஓடியது. முந்தின நாள் நட்ட தக்காளி நாற்றெல்லாம் மிதந்தது. அன்று சாயங்காலமே மெக்கானிக் வீரமணியைக் கூட்டிவந்து புருஷன் நம்பரை எடுக்க வைத்தாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேருமா?

இப்போது சிக்கல் வேறு திசையிலிருந்து வந்தது. மகள் தேவிப்பிரியா மெல்போர்னில் மேல்படிப்பு முடித்துவிட்டாள். டிசம்பர் மாதம் பட்டமளிப்பு. "அம்மா, அப்பா ரெண்டு பேரும் வாங்க" என்றுதான் கூப்பிட்டாள். இரண்டு மாடுகளை யார் பார்ப்பது, பன்னிரண்டு நாள் லீவு யார் தருவார்கள் என்று ராஜப்பன் ஒதுங்கிக்கொண்டார். "நீ போய்ட்டு வா தீர்த்தா. நாம பெத்த புள்ள மேடையேறறத நம்மள்ல ஒருத்தராவது பாக்கணும்" என்று அவரே பாஸ்போர்ட்டுக்கு அலைந்தார்.

தோட்டத்திலோ ஒரு ஏக்கர் சாமந்தி மொட்டு விட்டு நின்றது. பொங்கலுக்குப் பறிக்க வேண்டிய பூ. ஒன்றுவிட்டு ஒருநாள் தண்ணீர் காட்டியே ஆகவேண்டும். மகள் பட்டம் வாங்குவதைக் கண்ணால் பார்க்கவும் வேண்டும், மொட்டு கருகவும் கூடாது. தீர்த்தம்மாளுக்கு இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க மனமில்லை.

"எம் நம்பரத் திரும்பப் போட்டுட்டுப் போயேன்" என்று ராஜப்பன் மெதுவாக ஆரம்பித்தார்.

"போட்டா பூவு மெதக்கும்" என்றாள். பேச்சு அத்தோடு முடிந்தது.

மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கோகிலவாணி செல்போன் கடை வைத்திருக்கிறாள். ஊரில் பாதிப் பேருக்குப் போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தவள் அவள்தான். தீர்த்தம்மாள் விஷயத்தைச் சொன்னதும், கோகிலவாணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள்.

"மூணு வழி இருக்குதுங்க்கா. அங்க எறங்கி அந்த ஊரு சிம்மு வாங்கிப் போட்டுக்கலாம். இல்ல, நம்ம சிம்முலயே ரோமிங் போட்டு, நெட்டு, காலு எல்லாம் அதுலயே பாத்துக்கலாம். வெல கூடத்தான். இல்லீன்னா ஈசிம்மு."

"ஈ சிம்மா?" தீர்த்தம்மாள் முகத்தைச் சுளித்தாள். "ஏன், கொசு சிம்மு இல்லியா?"

கோகிலவாணி சிரித்துக்கொண்டே போனை வாங்கி எதையோ அழுத்திப் பார்த்தாள். மகள் வாங்கித் தந்த போன். "உங்க போன்ல போடலாம்க்கா. இங்கயே வாங்கிப் போட்டுக்கலாம், அங்க போயி எறங்குனதும் வேல செய்யும்."

"செரி, குடு."

"குடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. இந்தக் கியூஆர் கட்டத்தப் போன் கேமராவுல புடிச்சா உள்ள போயிரும்."

தீர்த்தம்மாள் கடையைச் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். கண்ணில் காட்டாமல் சாமான் விற்கிறவர்களை அவள் சந்தையில் நிறையப் பார்த்திருக்கிறாள். "கையில புடிக்க ஒண்ணுமில்லாத சரக்குக்கு நாங் காசு தரணுமா?"

"மாசாமாசம் ரீசார்ஜ் பண்றீங்களே, அதக் கையிலயா புடிச்சுப் பாத்தீங்க?"

தீர்த்தம்மாள் சுருக்குப்பையை அவிழ்த்தாள்.

கேட்க வேண்டியதை அப்புறம்தான் கேட்டாள். "இதப் போட்டா எம் பழைய நம்பரு போயிருமா? மாப்பிள்ளைக்கு நான் அங்கிருந்து மிஸ்டு காலு குடுத்தாவணும்."

கோகிலவாணிக்கு ஊரின் எல்லா மோட்டார்களையும் தெரியும். மாப்பிள்ளை யார் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. "அதுக்குத்தாங்க்கா ஈசிம்மு சொல்றேன். அந்த ஊரு சிம்ம வாங்குனா, நம்ம சிம்மக் கழட்டிக் கைப்பையில போட்டுக்குவீங்க. அப்புறம் மோட்டாரு உங்கள ஆருன்னு கேக்கும். ஈசிம்முன்னா உங்க கார்டு அதும்பாட்டுக்கு அதே எடத்துல இருக்கும். சின்ன ரோமிங் பேக் ஒண்ணு போட்டு அத உசுரோட வெச்சுக்கலாம். வீடியோ பேச, வழி பாக்க ஈசிம்மு. மாப்பிள்ளைக்கு மட்டும் பழைய நம்பரு. மாப்பிள்ள கூப்பிட்டா எடுக்காதீங்க, எடுத்தா காசு போயிரும். நீங்க கூப்பிட்டாலும் அவரு எடுக்கறதில்ல, அதனால அதுக்குக் காசு இல்ல."

ஒரு கல்லில் இரண்டு மாங்காய். தீர்த்தம்மாள் அன்று பஸ்ஸில் போகாமல், வீடு வரைக்கும் இரண்டு கிலோமீட்டரும் நடந்தே போனாள். அத்தனை சந்தோஷம்.

மெல்போர்னில் இறங்கியதும் போன் தானாகவே உயிர் பெற்றது. தீர்த்தம்மாள் மகளைக் கட்டிப்பிடித்து முடித்த கையோடு, "இரு, மாப்பிள்ளைக்கு ஒரு காலு குடுத்துப் பாக்கறேன்" என்றாள்.

தேவிப்பிரியாவின் முகம் மாறிவிட்டது. "எந்த மாப்பிள்ள? அம்மா, என்னைய ஒரு வார்த்த கேக்காம..."

"ஏண்டி, மோட்டாருடி!"

அதற்கப்புறம் இருவரும் சிரித்த சிரிப்பில் பெட்டியை எடுக்க மறந்து பாதி தூரம் போய்த் திரும்பி வந்தார்கள். கால் போகவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. நம்பருக்கு முன்னால் பிளஸ் தொண்ணூற்றொன்று போட வேண்டுமாம். மகள் போட்டுக் கொடுத்தாள். மறுநாள் மத்தியானம் மாப்பிள்ளை கூப்பிட்டார். தீர்த்தம்மாள் எடுக்கவில்லை, திரும்ப அடித்தாள். ஒரு ரிங் போய் நின்றது. பத்து நிமிடத்தில், அன்று வாரவிடுமுறையில் இருந்த ராஜப்பன் வாட்சப்பில் ஒரு படம் அனுப்பினார். சாமந்திச் செடிகளின் காலடியில் சொட்டுநீர்க் குழாய் ஈரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவில் நின்றுகொண்டு மாரண்டஹள்ளியில் தண்ணீர் பாய்ச்சியவளுக்கு அன்று முழுக்க ஒரு தலைக்கனம் இருந்தது. இருக்காதா பின்னே?

ஈசிம்மை மட்டும் அவள் நெய்யைப் போல வைத்துக்கொண்டாள். மகள் அறையில் இருக்கும் வைஃபையில்தான் பேசுவாள். வெளியே போனால் நெட்டை அணைத்துவிடுவாள். "பத்து ஜிபி இருக்குதும்மா, என்ன பண்ணப் போற அத வெச்சுக்கிட்டு?" என்று மகள் கேட்டால், "இருக்கட்டும், அவசரத்துக்கு ஆவும்" என்பாள்.

பட்டமளிப்புக்கு இரண்டு நாள் முன்னால் ஊரில் டிரான்ஸ்பார்மர் புகைந்துவிட்டது. கரண்ட் இல்லை. தண்ணீர் காட்ட வேண்டிய நாள் வறண்டே போனது. பட்டமளிப்புக்கு முந்தின நாள் ராஜப்பன் போனில் சொன்னார்: "நாளைக்குக் காலைல தற்காலிகமா ரெண்டு மணி நேரம் குடுக்கறாங்களாம். ஒம்பதரைக்கு மேல. அப்பறம் மறுபடி நிறுத்தி வேல பாப்பாங்களாம், எப்ப வரும்னு தெரியாது."

"செடி எப்பிடி இருக்குது?"

"தலையத் தொங்கப் போட்டுக்கிச்சு. நாளைக்கும் வுட்டா மொட்டு கருகிரும்."

"நாளைக்கு ஒருநாள் லீவு போடுங்களேன்."

"டிரைவரு பஞ்சம் தீர்த்தா, குடுக்க மாட்டாங்க. நீ அங்கிருந்து போனப் போடு."

ஒன்பதரை என்றால் மெல்போர்னில் மத்தியானம் மூன்று மணி. பட்டமளிப்பும் மூன்று மணிக்கு. தீர்த்தம்மாள் இரண்டையும் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். மகள் பெயர் எழுபத்தெட்டாவது. முதலில் பேச்செல்லாம் பேசுவார்கள். அதற்குள் மாப்பிள்ளை கூப்பிட்டுவிடுவார், மடியில் வைத்தே ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

மண்டபம் அவ்வளவு பெரியது. அரக்குப் பட்டுச் சேலையில், மகள் வரும் ஓரத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். போனைச் சத்தமில்லாமல் வைத்து உள்ளங்கையில் பிடித்துக்கொண்டாள். பேச்சு முடிந்தது. மாப்பிள்ளை கூப்பிடவில்லை. பெயர்கள் ஆரம்பித்தன. முப்பது, ஐம்பது, எழுபது. கூப்பிடவில்லை. மேடையின் ஓரத்தில் கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியுமாக மகள் வந்து நின்ற அந்த நிமிடம் பார்த்து, உள்ளங்கை அதிர்ந்தது. மாப்பிள்ளை.

கரண்ட் வந்துவிட்டது. ஒரு மிஸ்டு கால் போதும். ஆனால் அதற்குக் குனிய வேண்டும், கண்ணாடியைத் தூக்கிவிட்டு நம்பரைப் பார்க்க வேண்டும், இரண்டு சிம்மில் எது என்று போன் கேட்கும், அதற்கு ஒன்றை அழுத்த வேண்டும்.

"டேவிப்ரியா ராஜப்பேன்" என்றது மேடை.

தீர்த்தம்மாள் குனியவில்லை. போனை நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். மகள் நடந்தாள். அந்த நடையை அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். மகள் கை நீட்டிப் பட்டத்தை வாங்கியபோது, தாய்க்கு இரண்டு விரல் தானாக வாய்க்குப் போனது. சோளக்காட்டில் கிளி விரட்டிப் பழகிய விசில் அது. மண்டபம் ஒரு கணம் திடுக்கிட்டு, பிறகு கை தட்டியது. மேடையில் தேவிப்பிரியா தொப்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சந்தோஷம் அடங்க நேரமாயிற்று. உட்கார்ந்து, கண்ணைத் துடைத்து, போனை எடுத்து மிஸ்டு கால் கொடுத்தாள். ரிங் போகவே இல்லை. மறுபடி கொடுத்தாள். இல்லை. பத்து தடவை கொடுத்திருப்பாள். சிக்னல் கம்பியைப் பார்த்தாள், பழைய நம்பருக்குச் சற்று முன் இருந்த ஒரு கோடும் மறைந்து போயிருந்தது. நிகழ்ச்சி முடியும் வரை கதவைத் திறக்க மாட்டார்களாம், எழுந்து போகவும் வழியில்லை. வெளியே புல்வெளிக்கு வந்து சேர்ந்தபோது இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டிருந்தது.

அவள் வருத்தப்பட்டாள்தான், பொய் சொல்வானேன். ஒரு ஏக்கர் பூ. ஆனால் குனியாமல் நின்றதற்காக ஒரு துளியும் வருத்தப்படவில்லை. ஈசிம்மில் நெட்டை முதல் தடவையாகத் திறந்து, ராஜப்பனுக்கு வீடியோ கால் போட்டாள். பஸ்ஸில் இருப்பார், எடுக்க மாட்டார் என்று நினைத்தாள். முதல் ரிங்கிலேயே எடுத்தார். பின்னால் மோட்டார் கொட்டகை.

"ஏங்க, நீங்க அங்க என்ன பண்றீங்க? வேலைக்குப் போவல?"

"போவல. கேட்டதுக்கு முடியாதுன்னாங்க. வயித்து வலின்னு சொல்லிட்டேன்." ராஜப்பன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "நம்ம புள்ள பட்டம் வாங்கறத லைவுல காட்டறாங்கன்னு சொன்னா இல்ல, பஸ்ஸ ஓட்டிக்கிட்டு எப்பிடிப் பாக்கறது? அதான், இங்கயே உக்காந்து பாத்தேன். கரண்டு வந்துச்சு. நீ போன் போடுவீன்னு பாத்தேன், போடல. பேரு கூப்புடற நேரத்துல நீ போனயா பாப்ப? நானே ஸ்டார்ட்டர் பெட்டியில பச்சப் பொத்தான அமுக்கிட்டேன். ரெண்டு மணி நேரமும் பாஞ்சிருச்சு. செடி நிமுந்துருச்சு."

தீர்த்தம்மாள் போனை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுவந்தாள். "அப்ப பாத்தீங்களா? நம்ம புள்ளயப் பாத்தீங்களா? உங்க பேரையும் சேத்துத்தான் கூப்புட்டாங்க."

"பேரு கேட்டுச்சு. அந்நேரம் பாத்து படம் நின்னுபோயி சுத்திக்கிட்டே இருந்துச்சு." அவர் சிரிக்கப் பார்த்தார். "விசிலு கேட்டுச்சு. செரி, வாங்கிட்டான்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

தீர்த்தம்மாள் போய், தோழிகளோடு படம் எடுத்துக்கொண்டிருந்த மகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "உங்கப்பா பாக்கலியாம். இங்கிருந்து அந்த மரம் வரைக்கும் நட. மேடையில நடந்த மாதிரியே."

"இங்கயா? எல்லாரும் பாக்கறாங்கம்மா!"

"பாக்கட்டும். நட."

தேவிப்பிரியா தொப்பியைச் சரி செய்துகொண்டு, பட்டத்தைத் தோழியிடம் கொடுத்துவிட்டு நடந்தாள். தோழி அதை மரத்தடியில் நின்று திரும்பக் கொடுத்தாள். யார் யாரோ கை தட்டினார்கள். தீர்த்தம்மாள் போனை ஆடாமல் பிடித்தபடி, "தேவிப்பிரியா ராஜப்பன்!" என்று உரக்கச் சொன்னாள். இந்தத் தடவை பெயர் சரியாக ஒலித்தது.

"தெரிஞ்சுதுங்களா?"

ராஜப்பனின் குரல் வந்தது. "டவரு போயிருச்சு தீர்த்தா. சரியாத் தெரியல. இன்னொருவாட்டி நடக்கச் சொல்றியா?"

திரையில் அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பது பளிச்சென்று தெரிந்தது. தீர்த்தம்மாள் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் மகள் பக்கம் திரும்பி, "அப்பாவுக்கு டவரு கெடைக்கலியாம்டி, இன்னொருவாட்டி நட" என்றாள்.